எடை குறையாதவர்

திங்கட்கிழமைதோறும் எங்களை எடை பார்ப்பார்கள். கதிர்வீச்சு அறைக்கு வெளியே, சுவரோரமாக ஒரு எடை மெஷின் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைப் பையில் இருக்கும் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு அதன்மேல் ஏற வேண்டும். நர்ஸ் குனிந்து பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்வார். காத்திருக்கிற எல்லாருக்கும் அது கேட்கும்.

எனக்கு முன்னால் எப்போதும் பி.டி. மாஸ்டர்தான் ஏறுவார். அவருக்கும் தொண்டையில்தான் புற்றுநோய். அவரும் திருவண்ணாமலைக்காரர்தான், வேங்கிக்கால் பக்கம் வீடு. இரண்டு பேருக்கும் ஒரே டாக்டர், ஒரே வாரத்தில் சிகிச்சை ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் வாரம் மாறினாலும் அவர் எடை மாறாது. போன திங்கட்கிழமை சொன்னதையே நர்ஸ் இந்தத் திங்கட்கிழமையும் சொல்வார். அடுத்து நான் ஏறுவேன். நர்ஸ் ஒரு தடவைக்கு இரண்டு தடவை குனிந்து பார்ப்பார். "சார், இந்த வாரமும் கம்மியாயிருக்கு. சாப்பிடறீங்களா இல்லையா?"

மாஸ்டர் செருப்பைப் போட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். அந்த மனுஷன்மேல் எனக்கு வந்த பொறாமையை என்னவென்று சொல்வது? சொத்து, சுகம், பதவி எதற்காகவும் நான் யார்மேலும் பொறாமைப்பட்டதில்லை. ஒருத்தருடைய உடம்பில் சதை ஒட்டியிருப்பதைப் பார்த்து வயிறு எரிந்தது அப்போதுதான்.

நான் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ரூம் சாவியை வாங்கிக்கொண்டு முதலில் கேட்கிற கேள்வி, "சார், இங்க நல்ல சாப்பாடு எங்க கெடைக்கும்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்வதில் இந்த ஊரில் எனக்கு நிகரில்லை என்று ஒரு கர்வம் எனக்குண்டு. காலையில் எந்தக் கடையில் பொங்கல், எந்தக் கடையில் வடை, ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் போகிற ஓட்டல்களில் எதில் நம்ம ஆள் சாப்பிடலாம், எதில் முடியாது, எல்லாம் அத்துப்படி. மத்தியானச் சாப்பாட்டில் ரசத்துக்கு வந்ததும் உள்ளங்கையில் வாங்கிக் குடிக்கிற ஜாதி நான். அப்படிப்பட்டவனுக்கு நாக்கின் அடியில், தொண்டை ஆரம்பிக்கிற இடத்தில் கட்டி வந்தது.

சிகிச்சை ஆரம்பிப்பதற்கு முன்பே டாக்டரம்மா என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். "ரெண்டு வாரம் போனா வாயெல்லாம் புண்ணாயிடும். முழுங்க முடியாது. எடை எறங்கினா உங்க ஒடம்பு ட்ரீட்மென்ட்டத் தாங்காது. அதனால வயித்துல ஒரு டியூப் வெச்சுடலாம். வாயில எறங்காதப்ப அது வழியா சாப்பாடு குடுக்கலாம்."

நான் உடனே சொன்னேன்: "வேணாம் மேடம். நான் எப்படியாவது சாப்ட்டுடுவேன்."

"யோசிச்சு சொல்லுங்க."

"யோசிச்சுதான் சொல்றேன். சாப்பாட்டுல எனக்கு எப்பவும் பிரச்சினையே வந்ததில்ல."

எங்கள் தெருவில் ஒருத்தர் மூக்கில் டியூபோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார். அதோடு அவரை வெளியே பார்க்கவில்லை. பிறகு பந்தல்தான் போட்டார்கள். டியூப் என்றால் எனக்கு அதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பிறகு ஒரு தடவை டாக்டரம்மா கேட்டபோதும் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது என் மனைவி, "பிடிவாதம் ஒண்ணு போதும் உங்களுக்கு, வேற வியாதியே வேணாம்" என்றாள்.

திங்கள் முதல் வெள்ளிவரை தினமும் வேலூர் பஸ். மாஸ்டரும் அவர் மனைவியும் எங்களுக்கு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். ஆரம்பத்தில் நன்றாகத்தான் பழகினோம். என் வயதுதான் அவருக்கு. கவர்மென்ட் ஸ்கூலில் உடற்பயிற்சி ஆசிரியர். நிமிர்ந்த முதுகு, ஒட்ட வெட்டிய முடி. பஸ் ஸ்டாண்டில் இளவட்டங்கள் எங்கிருந்தாவது ஓடிவந்து, "வணக்கம் சார்" என்பார்கள். போளூரில் பஸ் நின்றால் நான் இறங்கி டீ குடிப்பேன். அவரையும் கூப்பிடுவேன். "வேணாம் சார், பழக்கமில்ல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒழுக்கமான மனுஷன் என்று அப்போது நினைத்தேன்.

மூன்றாவது வாரம் எனக்கு ருசி போயிற்று. ஒரே நாளில் போனது மாதிரி இருந்தது. காலையில் இட்லியைச் சாம்பாரில் தொட்டு வாயில் வைத்தேன், ஈரத் துணியைக் கடித்தது போல இருந்தது. உப்புப் போடவில்லை என்று மனைவியிடம் கத்தினேன். அவள் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள். அதற்கப்புறம் புண் வந்தது. எச்சில் பசை மாதிரி கெட்டியாகி, துப்பவும் முடியாது, முழுங்கவும் முடியாது. மோரைக் குடித்தால்கூட மிளகாயை அரைத்துத் தொண்டையில் பூசியது போல எரியும்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு ஆலோசனை சொல்கிற ஒரு பெண் இருந்தார். கஞ்சியில் நெய் விடுங்க, வேர்க்கடலையை வறுத்துப் பொடி செஞ்சு கலக்குங்க, முட்டைய வேகவெச்சு மசிச்சுக் குடுங்க, ஒரே தடவையா வேணாம், கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுங்க என்று என் மனைவிக்குச் சொல்லியனுப்பினார். அவளும் எல்லாவற்றையும் செய்தாள். நான் ஒரு தம்ளர் கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். பாதி குடித்ததும் கண்ணில் தண்ணீர் வரும். மீதியை அவள் பார்க்காத நேரத்தில் வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு, "ஆச்சு" என்பேன். பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன்.

மாஸ்டர் பேன்ட்டில் பழைய பெல்ட்டே இருந்தது. அதையும் கவனித்தேன்.

அவருக்கும் குரல் போயிருந்தது, கழுத்துத் தோல் கறுத்திருந்தது, அவரும் டப்பாவில் எச்சில் துப்பிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் எடை மட்டும் குறையவில்லை. எப்படி? அவர் மனைவி ஒரு துணிப்பையில் பெரிய பிளாஸ்க் கொண்டுவருவார். கதிர்வீச்சு முடிந்ததும் இருவரும் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் எங்கேயோ போவார்கள். கொஞ்ச நேரம் கழித்து வருவார்கள். மாஸ்டர் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும், வயிறு நிறைந்தவன் முகத்தில் இருக்குமே, அது. கண்ணு பட்டுடும்னுதான் மறைவாகப் போய்ச் சாப்பிடுகிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். என் கண்ணுக்குத்தான் பயப்படுகிறார்கள் என்றும் தோன்றியது. பயந்ததில் தப்பில்லை. என் கண் அப்படித்தான் இருந்தது.

"அந்தம்மா என்னாதான் குடுக்கறாங்களோ" என்று என் மனைவி ஒருநாள் ஆரம்பித்தாள். "கேட்டா, நம்ம வீட்டுல செய்யறதுதான்க்கான்னு சொல்றாங்க. நானும் அதத்தானே செய்யறேன்?"

"செய்யறதுல ஒரு கை இருக்கு" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்று பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆனால் அவளுக்கும் அந்த அம்மாள்மேல் எரிச்சல் இருந்தது எனக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல், அடுத்த திங்கட்கிழமையாவது மாஸ்டர் எடை ஒரு கிலோ இறங்காதா என்று காத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வாரக் கடைசியில் பௌர்ணமி. சனி, ஞாயிறு சிகிச்சை கிடையாது என்பதால் லாட்ஜுக்குப் போய் உட்கார்ந்தேன். ஊர் நிறையக் கூட்டம். கிரிவலம் போகிறவர்களுக்கு வழியெல்லாம் அன்னதானம். தொன்னையில் புளிசாதத்தை வாங்கிக்கொண்டு, நடந்துகொண்டே, பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். கவனிக்காமல் சாப்பிட்டார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாயில் என்ன போகிறது என்று தெரியாமலே ஒருத்தன் பாதி தொன்னையைக் காலி செய்துவிட்டுத் தூக்கிப் போட்டான். நான் அந்தத் தொன்னையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பெரியவர் கவுன்டரில் சாய்ந்து, "சார், நல்ல மீல்ஸ் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"இன்னைக்கு எல்லாம் தீந்துபோயிருக்கும்" என்றேன்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. எதிரிலேயே இரண்டு ஓட்டலில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நேராக எதிர் ஓட்டலுக்குள் நுழைந்தார்.

திங்கட்கிழமை மெஷினில் ஏறியபோது நர்ஸ் எண்ணைச் சத்தமாகச் சொல்லவில்லை. எழுதிக்கொண்டு, "உள்ள போங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

உள்ளே கதிர்வீச்சு கொடுக்கும்போது தலை ஆடக்கூடாது என்பதற்காக முகத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வலை மாட்டுவார்கள். ஆரம்பத்தில் அதை வெந்நீரில் நனைத்து, முகத்தில் அழுத்தி, அவரவர் அளவுக்கு அச்சு எடுத்தது. அதை மேசையோடு சேர்த்துப் பூட்டினால் இமைகூட உராயும். அன்று பூட்டிய பிறகு டெக்னீஷியன் என் தாடைப் பக்கம் விரலை விட்டுப் பார்த்தார். விரல் சுலபமாக உள்ளே போனது.

"சார், மாஸ்க் லூசாயிடுச்சு. மொகம் ஆடுது. இப்படி வெச்சுக் குடுத்தா வேற எடத்துல பட்டுடும்."

"அப்ப?"

"இன்னைக்கு வேணாம். டாக்டரப் பாருங்க. புது மாஸ்க் எடுக்கணும்."

டாக்டரம்மா திட்டவில்லை. "நடுவுல இப்படி நின்னா நல்லதில்ல. ஒடம்புல சத்து இல்ல. இப்பவாவது டியூபுக்கு ஒத்துக்கோங்க. வயித்துல வைக்கற அளவுக்குக்கூட இப்ப உங்களுக்குத் தெம்பு இல்ல, மூக்கு வழியாத்தான் விடணும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். என் மனைவி சுவரில் சாய்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்போது மாஸ்டர் சிகிச்சை முடிந்து வெளியே வந்தார். அவருக்கு மாஸ்க் பொருந்தியிருந்தது. கன்னத்தில் வலையின் அச்சு கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. அவர் மனைவி துணிப்பையை எடுத்துக்கொண்டார். இருவரும் பின்பக்கமாகப் போனார்கள்.

நான் அவர்கள் பின்னால் போனேன். அந்த பிளாஸ்க்கில் என்ன இருக்கிறது என்று இன்றைக்குப் பார்த்தே தீருவது என்று போனேன்.

ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் ஒரு புங்கமரம், அடியில் சிமென்ட் பெஞ்ச். மாஸ்டர் சட்டையை மார்புவரை தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொப்புளுக்கு மேலே, வயிற்றிலிருந்து நேராக ஒரு டியூப் வெளியே வந்திருந்தது. அதன் நுனியில் ஊசி போடுகிற சிரிஞ்சு மாதிரி ஒன்று, பெரியது, ஊசி இல்லாதது. அவர் மனைவி அதை உயரத் தூக்கிப் பிடித்து, பிளாஸ்க்கிலிருந்து கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தார். வறுத்த வேர்க்கடலை வாசனை வந்தது. மாஸ்டர் ஏதோ கல்யாண வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். சாப்பாடு பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இவரும் சாப்பிடவில்லை! இவராலும் முடியவில்லை! அடுத்த நிமிஷமே பழைய பொறாமை இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. நான் ஒரு வாய்க்கு அழுகிறேன். இவர் பேசிக்கொண்டே ஒரு பிளாஸ்க் கஞ்சியை வயிற்றுக்குள் அனுப்பிக்கொண்டிருக்கிறார், தொண்டையைத் தொடாமலே.

என்னைப் பார்த்ததும் மாஸ்டர் சட்டையைச் சடக்கென்று இறக்கினார்.

"ஐயோ இருங்க, இருங்க, சிந்துது!" என்று அவர் மனைவி பதறினார்.

"மாஸ்டர், இது எப்போ?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். "மொதல்லயே வெச்சுட்டாங்க சார். எனக்கு ஆரம்பத்துலயே எறங்கல. தண்ணி குடிச்சாலே பொற ஏறும்."

"சொல்லவே இல்லியே?"

"என்னான்னு சொல்றது? ஒடம்பப் பாத்துக்கங்கடான்னு ஊர்ப் பசங்களுக்கெல்லாம் சொன்னவன் நான். வயித்துல கொழாயோட நிக்கறேன்னா சொல்லச் சொல்றீங்க?"

"இவரு எங்க ஒத்துக்கிட்டாரு?" என்றார் அவர் மனைவி. "எம் பொண்ணு போன்ல அழுதா. அப்பறம்தான் சரின்னாரு. வீட்டுக்கு யாராச்சும் வந்தா இப்பவும் தட்டப் போட்டு முன்னால ஒக்காந்துப்பாரு, சாப்ட்டு முடிச்ச மாதிரி."

மாஸ்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு என்னா சார். உங்களப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

"என்னப் பாத்தா?"

"போளூர்ல எறங்கி டீ குடிப்பீங்களே. ஊதி ஊதி. என்னையும் வேற கூப்புடுவீங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்குவேன். இவருக்கு மட்டும் எப்படி எறங்குதுன்னு."

"மூணாவது வாரத்துக்கப்பறம் அந்த டீயில ஒரு ருசியும் இல்ல மாஸ்டர். சுடுதண்ணி மாதிரிதான் இருந்தது."

"இருந்தா என்னா? வாயால குடிச்சீங்க இல்ல?"

பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் மறுபடியும் சட்டையைத் தூக்கினார். அவர் மனைவி மிச்சக் கஞ்சியை ஊற்றினார்.

அன்று பஸ் கண்ணமங்கலம் தாண்டும்போது மனைவியிடம், "நாளைக்கு டியூப் போட்டுக்கறேன்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எதற்காக மனம் மாறினேன் என்று கேட்கவில்லை. டாக்டர் சொன்னதற்காக இல்லை, உயிர்மேல் ஆசையிலும் இல்லை. அந்த பிளாஸ்க் எனக்கும் வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் மூக்கில் டியூபை விட்டார்கள். குமட்டிக்கொண்டு வந்தது, கண் பொங்கியது. "முழுங்குங்க சார், முழுங்குங்க" என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். உள்ளே போன பிறகு மூக்கின்மேல் பிளாஸ்டர் ஒட்டி, மிச்சத்தைக் காதோரமாக வளைத்து விட்டார்கள். முதல் தடவை கஞ்சி ஊற்றியபோது வாயில் ஒன்றுமே இல்லை. ஆனால் வயிறு மெதுவாகச் சூடானது. எத்தனையோ நாட்களுக்குப் பிறகு ஏதோ ஒன்று அங்கே போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனேன்.

அதற்கப்புறம் புங்கமரத்தடியில் நாங்கள் நான்கு பேர். இரண்டு பெண்களும் ராசியானார்கள். கஞ்சியை இரண்டு தடவை வடிகட்டுவது, ஊற்றி முடித்ததும் தண்ணீர் விட்டு டியூபைக் கழுவுவது, உடனே படுக்கவிடாமல் நிமிர்ந்து உட்கார வைப்பது எல்லாம் என் மனைவிக்கு மாஸ்டர் மனைவி காட்டிக்கொடுத்தார். என் எடை இறங்குவது நின்றது. புது மாஸ்க் எடுத்தார்கள்.

பொறாமை மட்டும் நிற்கவில்லை. அவருடைய டியூப் சட்டைக்குள் இருந்தது. பஸ்ஸில் அவரைப் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. என்னுடையது மூக்கில் தொங்கியது. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பூக்காரி முதல் ஆட்டோக்காரர்வரை நின்று பார்ப்பார்கள். மாஸ்டர் அப்போது எனக்கு ஓரடி முன்னால் நிமிர்ந்து நடந்து போவார். நடுவில் சில நாள் நின்றுபோனதால் எனக்குச் சிகிச்சை நீண்டது, அவருக்கு முதலில் முடிந்தது. கடைசி நாள் நர்ஸுகளை அவர் கையெடுத்துக் கும்பிட்டபோதும் எனக்கு உள்ளே ஒரு புகைச்சல்.

சில மாதத்தில் எனக்குப் புண் ஆறியது. மூக்கு டியூபை எடுத்துவிட்டார்கள். பாலில் ஊறிய இட்லி, குழைய வடித்த ரசம் சாதம் என்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது. லாட்ஜுக்கும் போக ஆரம்பித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வேங்கிக்காலுக்குப் போய் மாஸ்டரைப் பார்த்தேன். வாசல் கதவைத் திறந்தவர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். டியூப் இன்னும் இருந்தது.

அவர் மனைவி எங்களுக்கு இட்லி கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. நான் பிட்டு வாயில் வைத்தேன். மாஸ்டர் என் வாயையே பார்த்தார். மென்றேன். அவர் தாடை லேசாக அசைந்தது. முழுங்கினேன். அவர் தொண்டை ஏறி இறங்கியது. அது என்ன பார்வை என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, என் மனசு நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒருத்தர் என்னைப் பார்த்தும் வயிறெரிகிறார் என்று. அப்புறம் அந்த இட்லி எனக்கு இறங்கவில்லை.

"சாப்பிடுங்க சார்" என்றார். "சட்னி போட்டுக்கோங்க. காரம் கம்மிதான்."

"டாக்டர் என்னா சொல்றாங்க மாஸ்டர்?"

"ரொம்ப நாளா முழுங்காம விட்டதுல அந்தத் தசையெல்லாம் மறந்துபோச்சாம். பயிற்சி குடுத்திருக்காங்க. செஞ்சா வருமாம்." சிரித்தார். "எனக்கே பயிற்சி."

அந்தப் பயிற்சியை வீட்டார் முன்னால் ஒற்றை ஆளாகச் செய்ய அவருக்கு வெட்கம். நாக்கை வெளியே நீட்டிப் பல்லால் பிடித்துக்கொண்டு எச்சிலை முழுங்க வேண்டும். எனக்கும் அதே பயிற்சியைத்தான் சொல்லியிருந்தார்கள். நான் செய்யாமல் விட்டிருந்தேன். வேலை இல்லாத சாயங்காலங்களில் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். மொட்டை மாடியில், மலைக்கு நேரே இரண்டு நாற்காலி போட்டுக்கொண்டு, நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மாஸ்டர் கரகரத்த குரலில், "ரெடி... ஒன்!" என்பார். இரண்டு பேரும் முழுங்குவோம். எனக்கு உடனே இறங்கும். அவருக்கு இறங்காது, இருமுவார். "டூ!" என்பார் மறுபடியும். பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டுத் துணியை எடுக்காமலே இறங்கிப் போய்விட்டார்.

போன மாதம் ஒரு மத்தியானம், நான் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"சார், எறங்கிடுச்சு!" மாஸ்டர்தான். "வாழப்பழத்த மசிச்சு ஒரு ஸ்பூன் குடுத்தாங்க. பொற ஏறல. ரெண்டாவது ஸ்பூனும் எறங்கிடுச்சு."

"மாஸ்டர்! ரொம்ப சந்தோஷம் சார்!" நிஜமாகவே சந்தோஷம்தான். எழுந்து நின்றுவிட்டேன்.

"அது மட்டுமில்ல சார். இனிப்பு தெரியுது. நல்லாவே தெரியுது. உங்களுக்கும் அப்படித்தானே?"

எனக்கு உப்பு வந்துவிட்டது, புளிப்பு வந்துவிட்டது. இனிப்பு மட்டும் இன்னும் வரவில்லை. பாயசம் எனக்கு வெறும் கொழகொழப்பு.

"கொஞ்சம் கொஞ்சமா வருது சார்" என்றேன்.

போனை வைத்ததும் மனைவி கேட்டாள். "நல்ல விஷயம்தானே சொன்னாரு? மொகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?"

"அவருக்கு இனிப்பு தெரியுதாம்."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கோபத்தோடு. அடுப்படிக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். மணல் மாதிரி நறநறத்துக் கரைந்து போனது. இன்னொரு சிட்டிகை எடுத்தேன்.

"சாதம் ஆறுது, வாங்க" என்று அவள் கூப்பிட்டாள். போய் உட்கார்ந்து மிச்ச ரசம் சாதத்தைச் சாப்பிட்டேன்.